விவாகரத்தா, ஜீவனாம்சமா, பாதுகாப்பு மனுவா: குமரி மாவட்டத்தில் முதலில் எதைப் போடுவது?

கடந்த மாதம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். ரப்பர் பால்வெட்டு வேலை செய்கிறவள். விடியுமுன் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்து, குளித்து, 3 வயது மகனையும் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. உட்கார்ந்ததும், "அக்கா, எனக்கு டைவர்ஸ் போடணும்" என்றாள்.

என்ன நடந்தது என்று கேட்டேன். 8 மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறாள். ஒரு பைசா வரவில்லை. 22 பவன் நகை மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கணவன் போனில் மிரட்டுகிறான். ஒருநாள் குடித்துவிட்டு முற்றத்துக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறான்.

பணம், நகை, பிள்ளை, பயம். இந்த நான்கில் எதையும் விவாகரத்து மனு இந்த மாதத்திலோ அடுத்த மாதத்திலோ தீர்த்துவைக்காது. நான் வக்கீல் இல்லை. சில வருடங்களாகச் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் விவாகரத்து என்ற ஒரே சொல்லோடு வருகிறார்கள். அவர்களுக்கு உடனே வேண்டியது வேறு, அதற்கான மனுவும் வேறு. அதனால் ஒவ்வொரு வழியும் எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்று எனக்குத் தெரிந்தவரை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

ஊர்ப் பேச்சில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பங்குத்தந்தை, போதகர், ஜமாஅத், ஊர் கமிட்டி, சமுதாயத் தலைவர் என்று யாராவது ஒருவர் முன்னால் இரண்டு குடும்பமும் உட்காரும். பேசுவதில் தவறில்லை. பல குடும்பங்கள் அந்தப் பேச்சில் சேர்ந்திருக்கின்றன; நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே எழுதப்படும் தாளில்தான் ஆபத்து. "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்" என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரையும் வைத்துவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆகாது. நோட்டரிக்குத் திருமணத்தை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை. அதைவிட மோசம், பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. ஊர்க்காரர்கள் நல்ல எண்ணத்தோடு எழுதிய அதே தாளைக் கணவனின் வக்கீல் பின்னால் கோர்ட்டில் நீட்டுவார். பேசுங்கள், ஆனால் வக்கீல் ஒருவர் வாசிக்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகளிர் காவல் நிலையம் இரண்டாவது வழக்கம். அடி, கொலை மிரட்டல், வரதட்சணைக் கொடுமை என்றால் அங்கே போகத்தான் வேண்டும். வரதட்சணைக் கொடுமைக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. மனு கொடுத்ததும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கலாம். ஆனால் மாதாமாதம் பணம் வாங்கித் தருவது போலீசின் வேலை அல்ல. "கணவனைக் கூப்பிட்டு மிரட்டினால் பணம் தருவான்" என்று நம்பி ஆறு மாதம் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆறு மாதத்தில் கோர்ட்டில் இடைக்கால உத்தரவே வந்திருக்கலாம்.

ஜீவனாம்ச மனுவும் குடும்ப வன்முறை மனுவும்

என் அனுபவத்தில் முதல் மனுவாக இருக்க வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஜீவனாம்ச மனுவுக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று பெயர். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. மதம் எதுவானாலும் போடலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கும் இந்தப் பாதை உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனைவி, பிள்ளைகள் மட்டுமல்ல, வயதான பெற்றோரும் கேட்கலாம். விவாகரத்து வழக்கு எதுவும் இருக்க வேண்டியதில்லை. இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை, எதிர் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், ஆனாலும் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்லது செய்தது: தொகையை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். அதனால் இழுத்தடிக்கிற கணவனுக்கு நிலுவைதான் ஏறும். அதே தீர்ப்பின்படி இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும்.

இந்த மனுவின் எல்லை என்னவென்றால் அது பணத்தோடு நின்றுவிடும். வீடு, நகை, பாதுகாப்பு எதுவும் அதில் வராது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 அப்படி அல்ல. ஒரே மனுவில் பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை அல்லது வாடகை, மாதப் பணம், சீதன நகையைத் திருப்பிக் கேட்பது, பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு, நஷ்ட ஈடு எல்லாம் கேட்கலாம். வன்முறை என்றால் அடி மட்டும் இல்லை. செலவுக்குப் பணம் தராமல் விடுவதும், நகையைப் பிடுங்கி வைப்பதும் அதில் அடங்கும். அவசரம் என்றால் பிரமாணப் பத்திரத்தை வைத்தே நீதிபதி இடைக்கால உத்தரவு போடலாம். கணவனை மட்டுமல்ல, மாமியார் நாத்தனாரையும் எதிர் மனுதாரராகச் சேர்க்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

நம் மாவட்டத்தில் வீடு பெரும்பாலும் மாமனார் மாமியார் பேரில்தான் இருக்கும். "வீடு உன் மாப்பிள்ளை பேரில் இல்லை, வெளியே போ" என்பது நான் அடிக்கடி கேட்கிற வசனம். கணவனின் உறவினர் பேரில் இருந்தாலும், கணவனோடு குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அது பகிர்ந்த குடியிருப்பாகலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக வீடு சொந்தமாகிவிடாது. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியே தள்ள முடியாது, அவ்வளவுதான். ஆனால் மழைக்காலத்தில் பிள்ளையோடு வெளியே நிற்கிறவளுக்கு அந்த "அவ்வளவுதான்" பெரிய விஷயம்.

எங்கே போடுவது என்பதிலும் வசதி உண்டு. வன்முறை மனுவை நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊருக்குரிய மாஜிஸ்திரேட்டிடமே போடலாம். களியல், அருமனையில் இருக்கிறவர் நாகர்கோவில் வரை அலைய வேண்டாம். ஜீவனாம்ச மனு குடும்ப நல நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் ஊர் என்றால் அங்கே போகும், இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகும். உங்கள் ஊர் எதில் வருகிறது என்று பக்கத்துக் கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். தினக்கூலிக்காரிக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் சம்பளம், கூடவே பஸ் காசு. இதைக் கணக்கில் எடுக்காமல் "எந்த மனு நல்லது" என்று பேசுவதில் பொருளில்லை.

பயமோ நகைப் பிரச்சினையோ வீட்டுப் பிரச்சினையோ இருந்தால் வன்முறை மனு. பணம் மட்டும்தான் பிரச்சினை, ஆள் தொந்தரவு செய்வதில்லை என்றால் ஜீவனாம்ச மனு. இரண்டும் போடத் தடையில்லை. ஆனால் ஒன்றில் கிடைத்த தொகையை இன்னொன்றில் மறைக்கக் கூடாது, கோர்ட்டு அதைக் கழித்துத்தான் பார்க்கும்.

உத்தரவு வாங்குவது பாதி வேலைதான். கணவன் கல்ஃபில் இருக்கிறான், அல்லது தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகில் வாரக்கணக்கில் கடலில் இருக்கிறான். சம்மன் போகும், ஆள் இல்லை என்று திரும்பி வரும். சம்பளச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது, பங்குக் கணக்குதான். இப்படிப்பட்ட வழக்கில் ஜெயிப்பது ஆதாரம் சேர்ப்பதில் இருக்கிறது: அவன் பணம் அனுப்பிய பழைய பேங்க் பதிவுகள், படகில் பங்கு இருந்தால் அதன் பத்திரம், விசா நகல், அவன் பேரில் 10 சென்ட் இருந்தால் அதன் பட்டாவும் வில்லங்கச் சான்றும். பணம் கட்டாதவனை ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். ஆனால் தோஹாவில் இருக்கிறவனை அந்த வாரண்டு உடனே தொடாது. இங்கே இருக்கும் சொத்தை ஜப்தி செய்யலாம். இன்னொன்று, பாக்கித் தொகைக்கு வாரண்டு கேட்டு மனு போடுவதற்குக் கெடு ஒரு வருடம். "நிறைய சேரட்டும், அப்புறம் மொத்தமாகப் போடலாம்" என்று இருந்துவிட்டு இந்த வழியை இழந்தவர்கள் உண்டு.

விவாகரத்து: சம்மதத்தோடா, சண்டை போட்டா?

சரி, பிரிவதுதான் முடிவு என்றால்? இருவரும் சேர்ந்து போடும் மனு எல்லா வகையிலும் இலேசு. யாரும் யாரையும் அசிங்கப்படுத்தி எழுத வேண்டியதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின்படி ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் 6 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த 6 மாதத்தைத் தகுந்த வழக்கில் கோர்ட்டே தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டம், 2001இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் மனைவிக்குக் கொடுமை என்ற காரணம் மட்டும் போதாது, கணவனின் கள்ளத்தொடர்பையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. எங்கள் அம்மா காலத்துப் பெண்கள் எவ்வளவு பேர் அதனாலேயே வாய்மூடிக் கிடந்தார்களோ. இப்போது கொடுமை தனியாகவே போதும், 2 வருடம் கைவிட்டிருந்தாலும் போதும், சம்மதப் பிரிவும் உண்டு. ஆனால் சம்மத மனுவுக்குச் சட்டப் புத்தகத்தில் இருப்பது 2 வருடப் பிரிவு. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஒரு வருடமாகக் குறைத்து வாசித்தது. கேரளத்துப் பாறசாலையில் உள்ள சொந்தக்காரருக்கு ஒரு வருடத்தில் ஆனது என்பதை வைத்து நீங்கள் கணக்குப் போடாதீர்கள், இங்கே உங்கள் கோர்ட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுத் தேதியைத் தீர்மானியுங்கள்.

இடம் விஷயத்திலும் கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஒரு இடைஞ்சல். இந்துப் பெண் தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம். கிறிஸ்தவச் சட்டத்தில் கல்யாணம் நடந்த இடம், அல்லது இருவரும் வசிக்கும் அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்றுதான் இருக்கிறது. உங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் நடந்திருந்தால் கவலையில்லை. நெய்யாற்றின்கரையில் நடந்து, அங்கேயே வாழ்ந்து, இப்போது களியக்காவிளைக்கு வந்திருந்தால் எல்லை தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு மாநிலத்துக்கு இடையே வழக்கை மாற்றுவது உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். அதனால்தான் எல்லையோரக் குடும்பங்களுக்கு நான் மறுபடியும் சொல்வது, இருக்கும் இடத்திலேயே போடக்கூடிய வன்முறை மனுவையோ ஜீவனாம்ச மனுவையோ முதலில் பாருங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு குழப்பம். மறைமாவட்ட நீதிமன்றம் திருமணம் செல்லாது என்று சொன்னால் கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அதற்கு மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. கோயிலில் மறுமணம் செய்ய அது வேண்டும், சட்டப்படி பிரிய கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டும். இரண்டும் தனித்தனி. கோயில் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தவர்களின் நிலை பின்னால் மிகவும் பரிதாபமாகிவிடும்.

சண்டை போட்டு நடத்தும் விவாகரத்து வழக்கு பல வருடம் போகும். குற்றச்சாட்டு, பதில் குற்றச்சாட்டு, சாட்சி, குறுக்கு விசாரணை; தோற்றவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போவார். மறுதரப்பு எதற்கும் சம்மதிக்காதபோது, அல்லது பிரிவு கட்டாயம் வேண்டும் என்கிறபோது இதைத் தவிர வழியில்லை. மற்றபடி, ஜீவனாம்ச உத்தரவு கையில் வந்தபின் எதிர் தரப்பு தானாகவே சம்மத மனுவுக்கு இறங்கி வருவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சம்மத மனுவில் கையெழுத்துக்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். "மனைவிக்கும் குழந்தைக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். தன் உரிமையை மனைவி விடலாம், பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை. அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். நகை எத்தனை பவன், எந்தத் தேதியில், யார் கையில் என்று எழுதச் சொல்லுங்கள். மொத்தத் தொகை தருவதாக இருந்தால் கடைசிக் கையெழுத்து நாளில் டிடியாக வர வேண்டும். "ஊருக்கு வந்து தருகிறேன்" என்பதை ஏற்காதீர்கள்.

பிள்ளை யாரிடம்?

இந்தப் பகுதியில் வழிகளை ஒப்பிடுவதைவிட எச்சரிப்பதே முக்கியம். தற்காலிகப் பொறுப்பை வன்முறை மனுவில் கேட்கலாம். விவாகரத்து வழக்கிலேயே இடைக்கால மனுவாகக் கேட்கலாம். நிரந்தரமாக என்றால் 1890ஆம் வருட பாதுகாவலர் சட்டத்தில், பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய கோர்ட்டில் போட வேண்டும். 5 வயதுக்குக் கீழே என்றால் சாதாரணமாகத் தாயிடம் என்பது இந்துச் சட்டத்தில் எழுத்திலேயே உண்டு. அதற்கு மேல் எந்த மதமானாலும் பிள்ளையின் நலன்தான் அளவுகோல். யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதை வைத்து மட்டும் முடிவாகாது. தாய் குவைத்தில் நர்ஸ், தகப்பன் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறார், பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது என்ற குடும்பங்கள் இங்கே ஏராளம். அப்போது நீதிபதி கேட்பது ஒன்றுதான்: ராத்திரி காய்ச்சல் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை என்றால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்.

பள்ளிக்கூட வாசலில் இருந்து பிள்ளையைத் தூக்கிப் போகிறவர்கள், அது தாயோ தகப்பனோ, தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். அதுபோலவே, கணவன் மேலுள்ள கோபத்தில் பிள்ளையைக் காட்டாமல் வைப்பதும். ஜீவனாம்சம் தரவில்லை என்பதற்காகப் பார்க்க விடாமல் இருக்க முடியாது. பார்க்க விடவில்லை என்பதற்காக ஜீவனாம்சத்தை நிறுத்தவும் முடியாது. வெளிநாட்டில் இருக்கும் தகப்பனுக்கு வீடியோ அழைப்பில் பேசும் உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரத்தில் இரண்டு நாள், இத்தனை மணி என்று நீங்களே முதலில் எழுதிக் கொடுங்கள். நீதிபதியின் மனதில் அது நிற்கும். ஒரு வழக்கில் கோர்ட்டு வளாகத்து மரத்தடியில், 2 மாதம் கழித்துத் தகப்பனைப் பார்த்த 5 வயதுப் பிள்ளை பக்கத்தில் போகாமல் அம்மா முந்தானைக்குள் ஒளிந்ததைப் பார்த்தேன். அவர் வாங்கிவந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தார். தவறு யார் பக்கம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

காசு கொடுத்து வக்கீலா, இலவச வக்கீலா?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கும், குறைந்த வருமானமுள்ள மற்ற ஆண்களுக்கும் உண்டு. 15100க்கு அழைக்கலாம், அல்லது நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனு கொடுக்கலாம். இலவசம் என்றால் தரம் குறைவு என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள், ஆர்வமில்லாதவர்களும் இருக்கிறார்கள். அதே கதைதான் காசு வாங்குகிறவர்களிடமும். இலவச வக்கீல் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி ஆணைக்குழுவிலேயே எழுதிக் கொடுக்கலாம். அது பலருக்குத் தெரியாது.

ஜீவனாம்சம், வன்முறை மனு, சம்மத விவாகரத்து மூன்றுக்கும் இலவச வக்கீலே போதும் என்பது என் கருத்து. சண்டை வழக்கு, பெரிய சொத்து, வெளிநாட்டுக் கணவன் என்றால் இதில் பழகிய வக்கீலை வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. மொத்தமாக எவ்வளவு, வாய்தாவுக்கு எவ்வளவு, குமாஸ்தா செலவு சேர்த்தா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். "வரும் தொகையில் இத்தனை சதவீதம்" என்று பேசுவது வக்கீல்களின் தொழில் விதிப்படியே கூடாது. ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைப்பதும் கூடாது, உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்னது. என் தங்கையின் வழக்கில் ஒரு வக்கீல் கட்டைத் தராமல் 4 மாதம் அலையவிட்டார். இந்தத் தீர்ப்பைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

குலசேகரத்துப் பெண்ணுக்கு வருகிறேன். விவாகரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இலவச வக்கீல் மூலம் வன்முறை மனுவில் பாதுகாப்பு, மாதப் பணம், நகை, மகனின் பொறுப்பு நான்கையும் கேட்பது என்று முடிவு செய்தாள். நகைக்கு ஆதாரம் வேண்டுமே. கிழித்த தினக்காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினோம்: தாலிச் செயின் 4 பவன், நெக்லஸ் 3, வளையல் 6 சேர்த்து 6 பவன், சித்தி போட்ட கம்மல் ஒன்று. கல்யாண ஆல்பத்தை அடுத்த நாள் கொண்டுவந்தாள், படத்தோடு ஒத்துப் பார்த்தோம். 20இல் நின்றது, 2 பவன் கணக்கு உதைத்தது. மறுபடி யோசித்துவிட்டு போனை எடுத்தாள். கல்யாணமான இரண்டாம் மாதம் மோதிரங்களைக் கணவன் அடகு வைத்த ரசீதை, அன்றைக்கு வட்டித் தேதி மறக்காமல் இருக்க அவளே படம் எடுத்து வைத்திருக்கிறாள். தேதி, எடை, அவன் கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து ஆவணப் பட்டியலில் 6ஆவதாகச் சேர்த்தோம்.